ஃப்ரீலான்ஸ் எடிட்டர் சொதப்பினால் எப்படி நடவடிக்கை எடுப்பது?

முதலில் ஒன்று: ஃப்ரீலான்ஸ் எடிட்டர் உங்கள் ஊழியர் இல்லை. மெமோ, சஸ்பென்ஷன் எல்லாம் இங்கே எடுபடாது, உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம்தான். அதனால் கெடு, ஸ்டைல் கைடு (பெயர், எழுத்துக்கூட்டல், நடை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள்), எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், எத்தனை நாள் நோட்டீஸில் விலகலாம் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வைத்துவிடுங்கள்.

தவறு நடந்தால் உடனே குழு சாட்டில் கொட்டாதீர்கள். தனியாகப் பேசுங்கள், அதுவும் ஆதாரத்தோடு. "வேலை சரியில்லை" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே பெயர் இரண்டு விதமாக வந்திருக்கிறது, திருத்தங்களைக் காட்டும் ட்ராக் சேஞ்சஸை அணைத்துவிட்டுத் திருத்தியதால் எது மாறியது என்றே எழுத்தாளருக்குத் தெரியவில்லை" என்றால் புரியும். அப்புறம் அவர் பக்கத்தையும் கேளுங்கள். சில சமயம் தப்பு நம்மிடம்தான் இருக்கும், பழைய ஃபைலை அனுப்பியிருப்போம். (நான் அனுப்பியிருக்கிறேன்.)

பேசியதை அன்றே மெயிலில் போடுங்கள்: எது தவறு, எப்போதைக்குள் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் என்ன. மறுபடியும் அதேதான் என்றால் எழுத்தில் இறுதி எச்சரிக்கை, அதற்கும் பிறகு ஒப்பந்தப்படி நோட்டீஸ். வெளியாகாத பிரதியைக் கசியவிடுவது, அடுத்தவர் எழுத்தைத் திருடிச் சேர்ப்பது போன்றவற்றுக்கு இந்தப் படிகள் வேண்டாம், உடனே ஆக்சஸை நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

சாதாரணமாகப் பிரிகிறீர்கள் என்றால், முடித்துக்கொடுத்த வேலைக்கான பணத்தைப் பிடித்து வைக்காதீர்கள். டிரைவ் ஆக்சஸை எடுப்பதற்கு முன்னால் பாதியில் நிற்கும் ஃபைல்களை வாங்கிக்கொள்ளுங்கள்.