ஃபேட், சாட்: கையெழுத்துப் போடும் முன் நடக்கும் தவறுகள்

வாங்கப்போகும் எந்திரத்தை, அதைச் செய்தவரின் தொழிற்சாலையிலேயே ஓட்டிப் பார்ப்பது ஃபேட் (ஃபேக்டரி அக்செப்டன்ஸ் டெஸ்ட்). நம் இடத்தில் இறக்கிப் பொருத்திய பிறகு பார்ப்பது சாட் (சைட் அக்செப்டன்ஸ் டெஸ்ட்). இரண்டிலும் பல தவறுகள் சோதனை நாளுக்கு வெகு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. எது பாஸ், எது ஃபெயில் என்று எண்ணில் எழுதி வைக்காமல் போய் நிற்பது அதில் முதலாவது. 'அதிகச் சத்தமில்லாமல் ஓட வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எது அதிகம் என்று அங்கே நின்று மல்லுக்கட்ட வேண்டியதுதான். எத்தனை டெசிபெல், எத்தனை மீட்டர் தள்ளி நின்று அளப்பது என்று எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது, நன்றாக ஓடுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. அதை ஓட்டிக் காட்டுவது விற்பவருக்குக் கைவந்த கலை. கோளாறு வந்தால் என்ன செய்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் இருக்கும்போதே எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். பட்டனை விடுவித்ததும் எந்திரம் தானாகக் கிளம்பினால் அதை ஏற்கவே கூடாது. தொட்டி மட்டத்தை 4 முதல் 20 மில்லியாம்ப் வரையான மின்னோட்டமாக அனுப்பும் சென்சாரின் ஒரு வயரைக் கழற்றிப் பாருங்கள். தொட்டி காலியாக இருந்தால்கூட 4 மில்லியாம்ப் வர வேண்டும். சுத்தமாக ஒன்றும் வரவில்லையென்றால் வயர் போய்விட்டது என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ளாமல் திரை 'தொட்டி காலி' என்று காட்டினால், பம்ப் நிறைந்த தொட்டியிலும் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சோதனைகளுக்காகப் பிஎல்சியில் (எந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர்) போட்ட ஃபோர்ஸையும் (ஒரு சிக்னலை நாமே கட்டாயமாக ஆன் அல்லது ஆஃப் ஆக்கி வைப்பது) பேனலில் போட்ட ஜம்பரையும் (தற்காலிக இணைப்பு வயர்) எடுக்க மறப்பது இன்னொன்று. போடும்போதே எழுதிவையுங்கள்.

'சாட்டில் பார்த்துக்கலாம்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பஞ்ச் லிஸ்டில் (இன்னும் சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல்) பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதுவும் திறந்திருக்கும்போது எந்திரத்தை அனுப்பச் சம்மதிக்காதீர்கள். எந்திரம் கிளம்பிவிட்டால் நம் பிடியும் தளர்ந்துவிடும்.

சரி, ஃபேட் பாஸ் என்பதற்காகச் சாட்டைச் சடங்காக்குவதும் தவறு. வழியில் குலுங்கியதில் டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், கப்ளிங் அலைன்மென்ட் (இணைக்கப்பட்ட இரண்டு தண்டுகளின் நேர்கோடு) விலகியிருக்கலாம். அங்கே சுற்றிய மோட்டார் இங்கே எதிர்த்திசையில் சுற்றலாம். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினாலே போதும். சென்ட்ரிஃபூகல் பம்பில் இது எளிதில் கண்ணில் படாது, ஏனென்றால் தலைகீழாகச் சுற்றினாலும் அது கொஞ்சம் தண்ணீர் தள்ளும். 'பம்ப் வீக்காக இருக்கிறது' என்று இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கழற்றும் முன், சுற்றும் திசையைப் பாருங்கள்.