வீட்டுக் கணினியில் இருக்கும் பாட்டையும் படத்தையும் கைப்பேசியில் ஓட்டுவது எப்படி?

கணினியில் பல வருடங்களாகச் சேர்த்த பாட்டுகளும் படங்களும் நிறைந்து கிடக்கின்றன; கைப்பேசியிலோ இடமில்லை. கேபிள் மாட்டி நகலெடுப்பதும், பார்த்து முடித்ததும் அழிப்பதுமாக ரொம்ப நாள் ஓட்டினேன். இப்போது கணினி அதன் அறையிலேயே இருக்கிறது, நான் கட்டிலில் படுத்தபடி கேட்கிறேன், பார்க்கிறேன். வீட்டுக்குள் பார்க்கும்வரை இணைய டேட்டாவும் செலவாகாது. கோப்பு ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை.

இதற்கு நான் பயன்படுத்துவது ஜெல்லிஃபின்: கணினியிலேயே ஓடி, அதிலுள்ள பாட்டையும் படத்தையும் வீட்டு வைஃபை வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும் சர்வர். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த திறமூல மென்பொருள், முழுக்க இலவசம். இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு அவர்கள் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்குக் கட்டணமும் உண்டு. என் வீட்டுக் கோப்பை நானே பார்க்க இன்னொருவர் தளத்தில் எதற்கு நுழைய வேண்டும்? அதனால் என் ஓட்டு ஜெல்லிஃபினுக்கே. கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினிக்கு.

படி 1: நிறுவுதல்

ஜெல்லிஃபின் தளத்திலிருந்து விண்டோஸ் சர்வரை இறக்கி நிறுவுங்கள். முடிந்ததும் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பிறகு எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று ஜெல்லிஃபினுக்குச் சொல்ல, படங்களுக்கு ஒரு லைப்ரரி, பாட்டுகளுக்குத் தனியாக ஒரு லைப்ரரி உருவாக்குங்கள். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கலக்காதீர்கள். படங்களைப் பெயரையும் வருடத்தையும் வைத்தே அது அடையாளம் காண்கிறது, அதனால் ஃபோல்டர் பெயரில் அடைப்புக்குறிக்குள் வருடம் இருக்கட்டும். பாட்டுகளுக்கு ஃபோல்டர் பெயரைவிட கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் டேக்தான் (பாட்டு, பாடகர், ஆல்பம் ஆகிய விவரம்) முக்கியம். டேக் சரியில்லாவிட்டால் ஒரே ஆல்பம் நாலு துண்டாகத் தெரியும். கையால் திருத்த எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும்.

படி 2: கணினியின் முகவரி

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஐபிவி4 (IPv4) முகவரி, அதாவது வீட்டு வலையில் கணினியின் எண், இருக்கும். 192.168.1.5 என்பதுபோல வரும். அந்த முகவரியில் ஜெல்லிஃபின் திறந்து வைத்திருக்கும் வாசல் எண், அதாவது போர்ட், 8096. ஆகவே அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியின் பிரவுசரில் அடிக்க வேண்டியது 192.168.1.5:8096.

கணினியில் முதலில் திறந்த பக்கத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்திருக்கும். அதை அப்படியே கைப்பேசியில் அடித்தால் வேலை செய்யாது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இந்தக் கருவியே" என்று பொருள்; கைப்பேசி தனக்குள்ளேயே சர்வரைத் தேடும்.

படி 3: ஃபயர்வால்

ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் விண்டோஸின் காவல். எனக்கு இரண்டு மாலைகளைத் தின்ற படி இது. கணினியில் எல்லாம் ஓடுகிறது. கணினியின் பிரவுசரிலேயே 192.168 முகவரியை அடித்தாலும் திறக்கிறது. கைப்பேசியில் மட்டும் வெள்ளைத் திரை, கடைசியில் "இணைய முடியவில்லை". ரவுட்டரைச் சந்தேகித்தேன், ஜெல்லிஃபினை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஒன்றும் மாறவில்லை.

கணினி தன் சொந்த முகவரியைக் கூப்பிடும்போது அந்தப் போக்குவரத்து கணினிக்குள்ளேயே முடிந்துவிடும், ஃபயர்வால் அதைத் தடுப்பதில்லை. அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. வெளியிலிருந்து வரும் கைப்பேசியைத்தான் ஃபயர்வால் வாசலில் நிறுத்துகிறது. இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, அதே வைஃபை பிராப்பர்ட்டீஸில் நெட்வொர்க் வகை பப்ளிக் என்றிருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும். வெளியிடங்களில் பப்ளிக்கே பாதுகாப்பு.

இரண்டாவது, ஜெல்லிஃபின் முதலில் ஓடியபோது விண்டோஸ் ஒரு சிறு பெட்டி காட்டி அனுமதி கேட்டிருக்கும். நான் அவசரத்தில் கேன்சலை அழுத்தியிருந்தேன். கேன்சல் என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை, "தடு" என்று ஒரு விதியே எழுதப்பட்டுவிடுகிறது. அனுமதி விதியும் தடை விதியும் சேர்ந்திருந்தால் தடைதான் ஜெயிக்கும். ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இன்பவுண்ட் ரூல்ஸைத் திறந்து, ஜெல்லிஃபின் பெயரில் சிவப்புக் குறியோடு இருப்பவற்றை நீக்குங்கள். பிறகு அனுமதிக்கும் செயலிகளின் பட்டியலில் ஜெல்லிஃபினுக்குப் பிரைவேட் டிக் போடுங்கள்.

சோதிக்கும்போது முதலில் கைப்பேசியின் பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தபிறகே ஆப்பை நிறுவுங்கள். பிரவுசர் முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்துக்கொண்டால் அதை எச்டிடிபி என்று மாற்றுங்கள்.

படி 4: ஆப்

படங்களுக்கு ஜெல்லிஃபினின் சொந்த ஆப். ஆண்ட்ராய்டில் அதன் கிளையன்ட் செட்டிங்ஸில் வீடியோ பிளேயரை "இன்டகிரேட்டட்" என்று மாற்றிவிடுங்கள், பல கோப்புகள், கணினி அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றாமலே, நேரடியாக ஓடும். பாட்டுக்கு, ஜெல்லிஃபினோடு இணையும் ஃபின்ஆம்ப் என்ற ஆப். பாட்டுகளை இறக்கி வைத்து இணைப்பில்லாமலும் கேட்கலாம், அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

கணினி தூங்கிவிட்டால் எல்லாம் நின்றுபோகும். பவர் அமைப்பில் ஸ்லீப்பை "நெவர்" ஆக்குங்கள், திரை அணைவதில் பிரச்சினை இல்லை. ரவுட்டர் மறுதொடக்கமானால் கணினியின் முகவரி மாறக்கூடும்; ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் (கணினிக்கு எப்போதும் ஒரே முகவரியை ஒதுக்குவது) செய்துவிட்டால் அந்தத் தொல்லையும் தீரும்.

வெளியிலிருந்து பார்க்க

ரவுட்டரில் 8096 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அது குறியாக்கம் இல்லாத இணைப்பு, கடவுச்சொல் அப்படியே பயணிக்கும். அதற்குப் பதில், உங்கள் கருவிகளுக்கிடையே குறியாக்கம் செய்த தனிப்பாதை அமைக்கும் டெயில்ஸ்கேலைக் கணினியிலும் கைப்பேசியிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும், அதோடு 8096 சேர்த்தால் முடிந்தது. வேகத்தை மட்டும் கணக்குப் போடுங்கள்: 2 மணி நேரப் படம் 8 ஜிபி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 9 மெகாபிட் தேவை. வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம் அதற்குக் குறைந்தால், ஆப்பில் தரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: படி 3 முடித்தும் திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய கைப்பேசி கெஸ்ட் வைஃபையில் இருந்தது. கெஸ்ட் வலையில் இருப்பவை வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடிதான் பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கும். கைப்பேசியின் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் ஓடினாலும் இதேபோல் ஆகலாம், அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொருவருக்குப் படம் ஓடுகிறது, சப்டைட்டில் போட்டதும் திக்கித் திக்கி நிற்கிறது. ப்ளூரே வட்டிலிருந்து வரும் சப்டைட்டில் உரை அல்ல, எழுத்தைப் புகைப்படம்போல் வைத்திருக்கும் இமேஜ். ஓட்டும் கருவிக்கு அதைத் தனியாகக் காட்டத் தெரியாவிட்டால், கணினி ஒவ்வொரு ஃபிரேமிலும் அதைப் பதித்து வீடியோவையே புதிதாகச் செய்து அனுப்ப வேண்டும். பழைய கணினி திணறிவிடும். ஜெல்லிஃபினின் டாஷ்போர்டில் அந்த நேரம் "டிரான்ஸ்கோடிங்" (வீடியோவைப் புதிதாக மாற்றிச் செய்வது) என்று தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி (.srt) வகைச் சப்டைட்டில் கோப்பை, படத்தின் பெயரிலேயே, அதே ஃபோல்டரில் வைத்து அதைத் தேர்ந்தெடுங்கள்.