வளைவில் விழும் மேடு: சர்வோ டியூனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பட்டறை. தைப்பூசக் காவடிக்காக, கணினி ஓட்டும் செதுக்கு மெஷினில் ஒரு மரப்பலகையில் ‘ஓம்’ செதுக்கியிருந்தார்கள். அதன் ஒவ்வோர் அச்சையும் (இட-வலம், முன்-பின், மேல்-கீழ்) நகர்த்துவது ஒரு சர்வோ மோட்டார்: தன் இடத்தை அளந்து, பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் மோட்டார். அந்தத் திருத்தம் எவ்வளவு என்று அமைப்பதுதான் டியூனிங். பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சுழியின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு மேடு.

“பிட் மழுங்கிடுச்சா அண்ணா?” என்றார் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. பிட்டில், அதாவது வெட்டும் முனையில், குறையில்லை. அந்த இடங்களில்தான் ஏதாவது ஓர் அச்சு நின்று திசை திரும்புகிறது. காரணம் உராய்வு.

அவர் இன்டெக்ரல் கெயினை ஏற்றிக்கொண்டே போயிருந்தார். பெரும்பாலோர் செய்கிற தவறு இதுதான். இன்டெக்ரல் என்பது பிழையை, அதாவது போக வேண்டிய இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, சேர்த்துச் சேர்த்து முறுக்குவிசையைக் கூட்டுவது; எவ்வளவு வேகமாகக் கூட்டுவது என்பதுதான் அதன் கெயின். வலப்பக்கம் நகர, உராய்வுக்கென்று மோட்டாரின் முறுக்குவிசையில் 8% வேண்டும் என்று வையுங்கள். திரும்பிய கணமே உராய்வும் திசை மாறிவிடும். இன்டெக்ரலோ +8-லிருந்து -8-க்கு, அதாவது 16 தூரம், இறங்கி வர வேண்டும். பிழை சேர்ந்தால்தான் அது இறங்கும். அந்தப் பிழைதான் மரத்தில் மேடாக நிற்கிறது.

கெயினை ஏற்றினால் மேடு சிறுக்கும், உண்மைதான். ஆனால் நிற்கும்போது வேறு தொல்லை வரும். அச்சு இலக்குக்கு ஒரு மயிரிழை முன்னால் ஒட்டிக்கொள்ளும், இன்டெக்ரல் நிரம்பும், சட்டென்று விடுபடும். நகரும்போது உராய்வு குறைவு என்பதால் இலக்கைத் தாண்டிப் போய் மறுபக்கம் ஒட்டும். சும்மா நிற்கிற மெஷினில் ‘டிக்… டிக்’ என்று கேட்டால் இதுதான். கெயினைக் குறைத்தால் அந்தத் துடிப்பு மெதுவாகுமே தவிர நிற்காது. நிற்கும் நிலையில், சில என்கோடர் (இடத்தை அளக்கும் கருவி) எண்ணிக்கைக்குள் பிழை வந்ததும் இன்டெக்ரலை உறைய வைத்துவிடுங்கள்.

திரும்பும் இடத்தில் உராய்வுக்கு வேண்டிய முறுக்குவிசையை, பிழை சேரும்வரை காத்திராமல், முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. எந்தத் திசையில் கொடுப்பது என்பதை வேகத்தின் குறி (+ அல்லது -) சொல்லும். இங்கே அளந்த வேகத்தை நம்பாதீர்கள்; பூஜ்யத்துக்கு அருகில் அதன் குறி இரைச்சலில் மாறி மாறிப் புரண்டு, மோட்டார் கரகரக்கும். கட்டளை வேகத்தின், அதாவது மெஷினிடம் கேட்கிற வேகத்தின், குறியை எடுங்கள். அதையும் ஒரே குதியாகக் கொடுக்காமல் கொஞ்சம் சரிவாகக் கொடுங்கள்.

உராய்வை அளப்பது இரு திசையிலும் நடக்க வேண்டும். மேல்-கீழ் அச்சில், ஒரே மெதுவான வேகத்தில் ஏற 20%, இறங்க 4% என்று வந்தால், வித்தியாசத்தில் பாதி, 8%, உராய்வு. கூட்டுத்தொகையில் பாதி, 12%, எடை. ஒரு திசையில் மட்டும் அளந்தால் எடையையும் உராய்வாக எழுதிவிடுவீர்கள்.

அப்புறம் கிரீஸ். நமக்கு இங்கே ஜூலை குளிர், தைப்பூசம் கோடையில். குளிர்ந்த காலையில் கெட்டியான கிரீஸோடு அளந்த எண், கோடையில் தேவைக்கு மேல் போய்விடும். மேடு இருந்த இடத்தில் பள்ளம் விழும். அதனால் மெஷின் சூடான பிறகு அளந்து, அதிலும் முக்கால் பங்கைத்தான் நான் போடுவேன். மிச்சத்தை இன்டெக்ரல் பார்த்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால், அச்சு ஓடும் ரெயிலைத் துடைத்துப் பாருங்கள். அந்தப் பட்டறையில் ரெயில் ஓரமெல்லாம் மரத்தூளும் காய்ந்த கிரீஸும் அப்பிக் கிடந்தன.