ஃபெஸ்ஸில் இரண்டு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் மொராக்கோ பயணத் திட்டத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். ஃபெஸ்ஸில் இறங்கி இரண்டே நாளில் சஹாராவுக்குப் போய்வருவது: ஆறு வருடத்துக்கு முன் நான் போட்ட அதே திட்டம்! பாரிஸில் இருக்கும் எங்களுக்கு மொராக்கோவின் பழம்பெரும் நகரமான ஃபெஸ் ஏறக்குறைய மூன்று மணி நேர விமானப் பயணம்தான். அதனால் பிறகும் நான்கு முறை போய்வந்தேன். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

பாலைவன ஆசை

மொராக்கோ என்றாலே ஒட்டகமும் மணல்மேடும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். வெள்ளி இரவு ஃபெஸ்ஸில் இறங்கினோம், திங்கள் காலை விமானம். விடுதியில் "இரண்டு நாள் சஹாரா" என்றார்கள். யோசிக்காமல் பணம் கட்டினேன். எங்கள் இருவரின் விமானக் கட்டணத்தைவிட அது அதிகம்.

மெர்ஸூகா மணல்மேடுகள் ஃபெஸ்ஸிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். இஃப்ரான், அஸ்ரூ, மிதெல்த், எர்ராஷிதியா என்று மலையேறி இறங்கிப் போக வேண்டும். வழியில் நிற்காவிட்டாலே எட்டு மணி நேரம் ஆகும். நிற்காமல் யார் ஓட்டுகிறார்கள்? அஸ்ரூ காட்டில் குரங்குகளுக்காகக் கால் மணி நேரம். எர்ஃபூதில் புதைபடிவக் கல் விற்கும் கடையில் ஒரு மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் நாங்கள் வாங்காததற்காக. மணலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. விடியற்காலையில் எழுப்பி ஒட்டகத்தில் ஏற்றினார்கள். சூரிய உதயம் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். காலை உணவு முடிந்ததும் மறுபடி அதே சாலை.

ஞாயிறு நள்ளிரவில் எங்களை ஃபெஸ் பழைய நகரத்தின் பாப் பூ ஜெலூத் வாசலில் இறக்கிவிட்டார்கள். ஃபெஸ்ஸில் நான் பார்த்தது அந்த நீல வாசலும் விடுதிக் கட்டிலும்தான். அந்த வாசலும் 1913-இல் கட்டியது. உள்ளே இருக்கும் ஊருக்கு ஆயிரம் வயதுக்கு மேல்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் பூ இனானியா மதரஸா இருக்கிறது. 1350-களில் மரீனிய வம்சத்துச் சுல்தான் அபூ இனான் கட்டியது. சுவரின் அடியில் வண்ண ஓட்டுத் துண்டுகள், நடுவில் செதுக்கிய சுண்ணச்சாந்து, மேலே செதுக்கிய தேவதாரு மரம். வேனில் இருந்து குரங்குகளோடு பார்த்துவிட்டுக் கடந்தோமே, அதே அட்லஸ் மலைத் தேவதாரு. அந்தக் காட்டு வழியாக ஒன்பது மணி நேரம் பயணம் போனவன், அந்த மரத்தில் மனிதக் கை செய்ததைப் பார்க்க அடுத்த பயணம் வரை காத்திருந்தேன். அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். பிறகு 1325-இல் முடிந்த அத்தாரீன் மதரஸாவுக்குப் போங்கள். அது சிறியது, வேலைப்பாடு இன்னும் நெருக்கம்.

பாலைவனம் வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வெள்ளி மதியத்தைக் கடைகளுக்கு ஒதுக்குவது

தொழுகை நேரத்தில் பழைய நகரத்தின் கடைகள் மூடும். பல கடைகள் அன்று திரும்பத் திறப்பதே இல்லை. அன்று வீடுகளில் கூஸ்கூஸ் என்ற ரவை உணவு. ஆனால் கூட்டமில்லாத சந்துகளில் நடக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கராவியீன் வாசலில் கெஞ்சுவது

859-இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. கதவு திறந்திருந்தால் வெளியே நின்று முற்றத்தைப் பாருங்கள், போதும்.

"அந்தப் பாதை மூடியிருக்கு" என்பதை நம்புவது

வழிகாட்டிப் பணம் கேட்க நினைப்பவர்கள் சொல்வது அது. மூடியிருக்காது.

செல்போன் வரைபடத்தோடு மல்லுக்கட்டுவது

உயர்ந்த சுவர்களுக்கு நடுவே நீலப் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். சரிவைக் கவனியுங்கள். நீல வாசலிலிருந்து தாலா கெபீரா, தாலா ஸ்கீரா என்ற இரண்டு தெருக்களும் கராவியீனை நோக்கி இறங்குகின்றன. தொலைந்தால் தாலாவைக் கேட்டுப் பிடித்து மேடேறுங்கள், வாசல் வந்துவிடும். பின்னால் "பாலக்!" என்று கேட்டால் யாரென்று திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். பாரம் ஏற்றிய கோவேறு கழுதை உங்களுக்காக நிற்காது.

தொட்டியைப் பார்த்த கூச்சத்தில் தோல் வாங்குவது

ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைக் கடை மாடிகளில் நின்றுதான் பார்க்க முடியும். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பதால் வாடை குமட்டும். மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து தருவார்கள். இறங்கும்போது கடைக்காரர் மடக்குவார். கையில் கொஞ்சம் திர்ஹாம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. நான் கூச்சப்பட்டு மஞ்சள் செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டுக்குள் இன்றுவரை அதற்கு அனுமதி கிடைக்கவில்லை, பால்கனியில் கிடக்கிறது.