‘வெயில் சதம் அடித்தது’ என்று செய்தி வந்தால்

சித்திரை பிறந்ததும் காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ‘வெயில் சதம் அடித்தது’ என்ற செய்தி சுற்றத் தொடங்கிவிடும். முதலில் அலகைப் பாருங்கள். ‘சதம்’ என்பது 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் 40 செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது 45ஐ எட்ட வேண்டும். சதத்தையே வெப்ப அலை என்று எழுதுவது தவறு.

அடுத்து, எப்படி அளந்தது? செல்போனில் ‘உணரும் வெப்பம்’ என வருவது ஈரப்பதத்தையும் சேர்த்த கணக்கு; அது காற்றின் வெப்பநிலை ஆகாது. வானிலை நிலையத்தின் வெப்பமானி காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கும். வீட்டில் அளந்து பார்ப்பவர்கள் வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) நடுவே வெயிலில் வைக்காதீர்கள். வெப்பமானியே சூடேறிக் கூடுதலாகக் காட்டும். தாழ்வார நிழலில், சுவரை ஒட்டாமல், ஆள் நெஞ்சுயரத்தில் தொங்கவிடுங்கள். பெரிய வீடுகளின் தடித்த சுவர் பகல் சூட்டை வாங்கிவைத்து மாலையில் மெதுவாக விடும். ஒட்டிவைத்தால் அதைத்தான் அளப்பீர்கள்.

ஒருநாள் வெயில் காலநிலை மாற்றத்துக்குச் சாட்சி ஆகாது, ஒரு கோடைமழை அதைப் பொய்யாக்கவும் செய்யாது. ஒப்பிட 30 ஆண்டுச் சராசரி வேண்டும். செய்தியில் அது இல்லையென்றால் பகிராதீர்கள்.