தொடுதிரை மின்வாசிப்பான் வாங்கப் போகிறீர்களா? முதலில் கையில் பிடித்துப் பாருங்கள்

அம்மாவுக்கு வலது தோளில் வலி வந்த பிறகு, கனமான நாவல்களைத் தூக்கிப் படிக்க முடியாமல் போனது. 200 கிராம் எடைகூட இல்லாத ஒரு மின்வாசிப்பானை (மின்னூல் படிக்கும் கருவி, இ-ரீடர்) வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே, படித்த பக்கமே திரும்பத் திரும்ப வருகிறது என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். இடது கையால் பிடித்திருந்தார். கட்டைவிரல் திரையின் இடது ஓரத்தில் படும்போதெல்லாம் முந்தைய பக்கம் வந்துகொண்டிருந்தது. விலை, நினைவகம், பேட்டரி எல்லாவற்றையும் ஒப்பிட்டு வாங்கிய நான், விரல் எங்கே படும் என்று மட்டும் பார்க்கவில்லை. முதன்முறையாக வாங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: தொடுதலை எது உணர்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மின்வாசிப்பானில் இருப்பது மின்மை (இ-இங்க்) திரை. அதில் எழுத்துகள் தாளில் அச்சிட்டதைப்போலத் தெரியும். மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறுவதால் எழுத்து உருவாகிறது. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் எடுக்கும். பேட்டரி வாரக்கணக்கில் நிற்பது அதனால்தான். இந்தத் திரைக்குத் தொடுவசதி சேர்ப்பது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. 2008இல் சோனி வெளியிட்ட பிஆர்எஸ்-700 கருவியில், அழுத்தத்தை உணரும் படலம் ஒன்றைத் திரையின்மேல் ஒட்டியிருந்தார்கள். எழுத்து மங்கியது, வெளிச்சம் பட்டால் கண் கூசியது. 2010இல் வந்த பிஆர்எஸ்-650இல் அந்தப் படலத்தை எடுத்துவிட்டு, விளிம்பிலிருந்து திரையின் மேற்பரப்பை ஒட்டி அகச்சிவப்புக் கதிர்களை ஓடவிட்டார்கள். எது கதிரை மறித்தாலும் அதைத் தொடுதலாகக் கருவி எடுத்துக்கொள்ளும். 2011இல் வந்த அமேசானின் கிண்டில் டச், மற்ற நிறுவனங்களின் கோபோ டச், நூக் சிம்பிள் டச் ஆகிய மூன்று மின்வாசிப்பான்களும் அகச்சிவப்பு வகைதான். 2012இல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட், கைப்பேசியில் இருப்பதைப்போல விரலின் மின்தன்மையை உணரும் வகைக்கு மாறியது.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று அறிய ஒரு பென்சில் போதும். அதன் மழுங்கிய பின்முனையால் திரையை மெதுவாகத் தொடுங்கள். பக்கம் புரண்டால் அகச்சிவப்பு. அசையாமல் இருந்தால் விரலை உணரும் வகை. அகச்சிவப்புக்குக் கையுறை போட்ட விரலும் ஒன்றுதான், சேலைத் தலைப்பும் ஒன்றுதான். மழைக்கால இரவில் விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஈசல் என் பழைய கருவியின் திரையில் வந்து அமர்ந்தது, பக்கம் புரண்டது. இரண்டாவது வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஈர விரலும் நீர்த்துளியும் அதைக் குழப்பிவிடும். ஐபிஎக்ஸ்8 என்ற நீர்க்காப்புத் தரம் பெற்ற கருவி நன்னீரில் விழுந்தாலும் தாங்கும். அதற்காக, நனைந்த திரையில் வசதியாகப் பக்கம் புரட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

படி 2: ஒரு கையால் பத்து நிமிடம் படியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது. கடையில் நின்றபடியோ, நண்பரிடம் வாங்கியோ, எப்படியாவது செய்துவிடுங்கள். முதலில் வலது கை, பிறகு இடது கை. பல கருவிகளில் இடது ஓரத்தைத் தொட்டால் பின்னோக்கியும், மற்ற இடங்களைத் தொட்டால் முன்னோக்கியும் பக்கம் நகரும். மேல் விளிம்பைத் தொட்டால் பட்டியல் (மெனு) திறக்கும். இடது கைக்காரர்களுக்கு இது ஒத்துவராது. தொடும் பகுதிகளை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறதா என்று அமைப்புகளில் தேடுங்கள். அம்மாவின் கருவியில் அப்படி எதுவும் இல்லாததால், தொடுவதை விட்டுவிட்டு விரலால் தள்ளிப் பக்கம் புரட்டப் பழகிக்கொண்டார்.

ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பவர் என்றால், தொடுதிரையோடு பக்கப் பொத்தான்களும் உள்ள கருவியைத் தேடுங்கள். கோபோ லிப்ரா வரிசையில் இவை உண்டு. திருப்பிப் பிடித்தால் எழுத்தும் திரும்பிக்கொள்ளும் என்பதால் இரு கைக்கும் பொருந்தும். கிண்டில் ஒயாசிஸிலும் இருந்தன. அந்த வரிசை 2024இல் நின்றுபோனது.

படி 3: தமிழ் நூல் ஒன்றை ஏற்றிப் பாருங்கள்

தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலோ ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலோ ஒரு நூலை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். திரைக்கேற்ப எழுத்தின் அளவு மாறும் ஈபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். கோபோவில் யூஎஸ்பி கம்பி வழியாக ஈபப் கோப்பை நேராகப் போடலாம். கிண்டிலுக்கு 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்ப வேண்டும். அது ஈபப் கோப்பை மாற்றிக் கருவிக்குச் சேர்த்துவிடும். காலிபர் என்ற இலவச மென்பொருள், வடிவம் மாற்றுவதற்கும் நூல்களை அடுக்கி வைப்பதற்கும் உதவும்.

நூலைத் திறந்ததும் 'கொக்கு', 'கோயில்', 'மௌனம்', 'ஸ்ரீ', 'லக்ஷ்மி' போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றாலோ, நடுவில் புள்ளிவட்டம் தெரிந்தாலோ, அந்தக் கருவியில் தமிழ் ஒழுங்காக அமையவில்லை. மொத்தப் பக்கமும் புரியாத குறிகளாக வந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்; கோப்பு, இன்றைய பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கலாம்.

அடுத்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். சொல்லின் பொருளைத் தேடவும் வரிகளைக் கோடிடவும் தொடுதிரைக்கு இணையாக எதுவும் இல்லை. பழைய கருவிகளில் அம்புப் பொத்தானால் வரிவரியாக இறங்கிப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். தமிழில் மட்டும் ஒரு சிக்கல். 'வீடுகளிலிருந்து' என்று தொட்டால் அந்தச் சொல் முழுதும் தேர்வாகும், அகராதியிலோ 'வீடு' என்றுதான் இருக்கும். விகுதியை நீக்கி வேர்ச்சொல்லைத் தட்டச்சு செய்து தேட வேண்டிவரும்.

ஏ4 அளவுப் பக்கங்களாக உள்ள பிடிஎஃப் நூல்களே உங்களிடம் அதிகம் என்றால், 6 அங்குலத் திரை வேண்டாம். இரு விரலால் பெரிதாக்கலாம்தான். ஆனால் மின்மைத் திரை மெதுவாகவே நகரும், முந்தைய எழுத்தின் நிழலும் தங்கிவிடும்.

படி 4: வெளிச்சமும் வண்ணமும்

இருட்டில் படிப்பவர் என்றால் விளக்கின் நிறத்தை மஞ்சளாக மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 2022இல் வந்த அடிப்படைக் கிண்டிலில் அது இல்லை. வண்ணத்திரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது பரவலாக உள்ள காலைடோ 3 திரையில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் வந்தாலும், வண்ணப் படங்களுக்கு 150தான். வண்ண வடிகட்டி இருப்பதால் பின்னணியும் சற்று மங்கலாகத் தெரியும். சித்திரக்கதை படிப்பவர்களுக்கு மட்டும் அது சரி.

வாங்கிய பிறகு

அகச்சிவப்புக் கருவியில் பக்கங்கள் தாமாகப் புரளத் தொடங்கினால் உடனே பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். அணைத்துவிட்டு, திரையும் சட்டமும் சேரும் பள்ளத்தை, குறிப்பாக நான்கு மூலைகளையும், உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைத்து எடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு தூசித் துணுக்கோ தலைமுடியோ கதிரை மறித்துக்கொண்டிருக்கும்.