பத்துப் பக்கம் சொன்னால் பத்துச் சாட்சியா?

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் கோவாட்டி என்ற சிறு விலங்குக்கு 2008-இல் ஒரு புதுப்பெயர் கிடைத்தது. விக்கிப்பீடியாவில் அதன் பக்கத்தைத் திறந்த ஓர் அமெரிக்க மாணவர், 'பிரேசில் ஆர்ட்வார்க் என்றும் அழைப்பர்' என்று விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். ஆர்ட்வார்க்கோ ஆப்பிரிக்க விலங்கு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் பெரிய நாளிதழ்கள் அந்தப் பெயரை எழுதின, ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலிலும் அது ஏறியது. கடைசியில் ஒரு நாளிதழ்ச் செய்தியே விக்கிப்பீடியாவில் அந்த வரிக்கு ஆதாரமாக வந்து உட்கார்ந்தது.

இணையத்தில் தேடுவோர் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான்: பக்கங்களை எண்ணுவது. பத்துத் தளங்களில் ஒரே வாக்கியம் அச்சு மாறாமல் இருந்தால் ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் படியெடுத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அவற்றில் எது முந்தியது, அது எதைப் பார்த்து எழுதியது என்று தேடிப் போக வேண்டும்.

தேடுபொறியை மாற்றிப் பார்த்துவிட்டேன் என்று சிலர் நிம்மதி அடைவார்கள். யாகூவின் தேடல் முடிவுகள் மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருபவை. டக்டக்கோ என்ற தேடுபொறியின் வழக்கமான இணைப்புகளிலும் பெரும்பகுதி அங்கிருந்துதான். பிங், யாகூ, டக்டக்கோ மூன்றிலும் தேடியவர் ஏறக்குறைய ஒரே கிணற்றில் மூன்று வாளி இறக்கியவர். கூகுளுக்கும் பிங்குக்கும் தனித்தனி அட்டவணைகள், அதாவது திரட்டி வைத்த இணையப் பக்கங்களின் பட்டியல்கள், உண்டு; பிரேவ் என்ற தேடுபொறியும் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறது. ஒப்பிடுவதானால் இவற்றை ஒப்பிடலாம்.

தமிழில் தேடும்போது வேறொரு சிக்கல். இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்ட சொல்லைத் தேடுபொறி இட்டபடியே தேட முயலும். "நூலகம்" என்று இட்டால் 'நூலகத்தில்' என்று எழுதிய பக்கம் நழுவிப்போகலாம். வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களையும் தனித்தனியே இட்டுப் பாருங்கள். எழுத்துக்கூட்டலும் அப்படியே: ஹைட்ரஜன் என்று தேடியவர் கண்ணில் ஐதரசன் என்று எழுதிய நல்ல கட்டுரை படாமலே போகலாம். புதன் கோளைத் தேடினால் புதன்கிழமைச் செய்திகள் வந்து குவிகின்றனவா? வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள், பெரும்பாலும் போதும்.

கேள்வியிலேயே விடையை வைத்துத் தேடுவது இன்னொரு தவறு. 'திரை ஒளி கண்ணைக் கெடுக்கும்' என்று தேடினால், கெடுக்கும் என்போரின் பக்கங்களே முன்னால் வரும். 'திரை ஒளி கண் ஆய்வு' என்று தேடுவது மேல். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தேடுவது அதனினும் மேல்.

விக்கிப்பீடியாவை அடியோடு ஒதுக்குவதும் பிழைதான். அடிக்குறிப்புகளைத் திறந்து படியுங்கள். ஐயம் வந்தால் அந்தக் கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், அந்த வரி எந்த நாளில் நுழைந்தது என்று பாருங்கள். அடிக்குறிப்பின் இணைப்பு செத்திருந்தால், அதன் முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இட்டால் அந்தப் பக்கத்தின் பழைய நகல் பல நேரம் கிடைக்கும். ஆதாரம் என்று காட்டிய பக்கத்தில் அந்தச் செய்தியே இல்லாததையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.